மறு: டாக்சியில் கேட்ட பாட்டு, பெயர் தெரியவில்லை

வணக்கம். போன சனிக்கிழமை இரவு டாக்சியில், சிங்கப்பூர்த் தமிழ் வானொலியான ஒலி 96.8-இல் ஓர் உள்ளூர்க் குரலைப் பாதியிலிருந்து கேட்டீர்கள், பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஷஸாம் செயலியும் கைவிரித்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தவிப்பு எனக்கும் பழக்கம்தான்.

ஷஸாம் ஒலிப்பதிவின் 'கைரேகை'யைத் தன் கிடங்கில் இருப்பவற்றோடு ஒப்பிடுகிறது, அவ்வளவுதான். அங்கே ஏற்றப்படாத பாட்டு நூறு தடவை பிடித்தாலும் சிக்காது.

டாக்சி ரசீது இருக்கிறதா? ஏறிய நேரமும் இறங்கிய நேரமும் அதில் இருக்கும். அந்த நேரத்தையும், நினைவிலிருக்கும் ஒரு வரியையும் (தப்பாக இருந்தாலும் சரி) நிலையத்துக்கு எழுதுங்கள். படைப்பாளிகளுக்கு உரிமத்தொகை போய்ச் சேர வேண்டுமே, அதற்காக ஒலிபரப்பான பாடல்களை நிலையங்கள் குறித்து வைப்பது வழக்கம். இங்கே அந்தத் தொகையை வசூலித்துப் பிரித்துக் கொடுப்பது காம்பாஸ் (COMPASS) என்ற அமைப்பு.

எனக்கு இப்படித்தான் ஒரு பாட்டு கிடைத்தது. வானொலி நிகழ்ச்சிப் படைப்பாளர் நேரமெடுத்துப் பதில் போட்டார், கூடவே அதே பாடகரின் இன்னும் இரண்டு பாடல்களைச் சொன்னார். அவை இல்லாமல் இப்போது என் வாரம் நகர்வதில்லை.

பெயர் கிடைத்ததும் இங்கே போடுங்கள். நானும் கேட்க வேண்டும்.