உப்புநீர் மீன் தொட்டியில் கண்டக்டிவிட்டி ப்ரோப் (தண்ணீர் மின்சாரம் கடத்தும் திறனை வைத்து உப்பளவைக் காட்டும் கருவி) அளவைக் குறைத்துக் காட்டுகிறது. உப்பு சேர்க்கலாமா, காலிப்ரேட் (கருவியின் அளவைத் திருத்துவது) செய்யலாமா?

உப்பளவு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) இருந்த தொட்டியில் ப்ரோப் இப்போது 32 காட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இரண்டையும் உடனே செய்யாதீர்கள். தொட்டியிலிருந்து ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். அதனால் உப்பளவு தானாக ஏறும், இறங்காது. இறங்க வேண்டுமானால் ஆட்டோ டாப்-அப் (ஆவியான அளவுக்கு நன்னீர் நிரப்பும் கருவி) நிற்காமல் ஓடியிருக்க வேண்டும், அல்லது ஸ்கிம்மர் (குமிழி விட்டு அழுக்கை நுரையாகப் பிரிக்கும் கருவி) வழிந்து உப்புநீர் போன இடத்தில் நன்னீர் நிரம்பியிருக்க வேண்டும். இந்த இரண்டும் நடக்கவில்லை என்றால் ப்ரோப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். ப்ரோப்பை நம்பி உப்பைக் கொட்டினால் கோரல்களுக்குத்தான் (பவள உயிரிகள்) ஆபத்து.

முதலில் ப்ரோப்பை வெளியே எடுத்துப் பாருங்கள். மின்முனைகளுக்கு நடுவே ஒரு சின்னக் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தாலே அளவு குறையும். சுண்ணாம்புப் படிவமும் அதையே செய்யும். சாதா வெள்ளை வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்து, ஆர்.ஓ. நீரில் நன்றாக அலசுங்கள். உள்ளே பிரஷ் விட்டுத் தேய்க்க வேண்டாம். சில ப்ரோப்களில் மின்முனை மேல் மெல்லிய பிளாட்டினப் பூச்சு இருக்கும், தேய்த்தால் போய்விடும். சுத்தம் செய்யாமல் காலிப்ரேட் செய்தால் படிவத்தின் பிழையையே சரியான அளவாகப் பதிவு செய்துவிடுவோம்.

அடுத்தது காலிப்ரேட் செய்வது. 35 பிபிடி கடல்நீருக்கு ஈடான கரைசலில் ப்ரோப்பை வைத்து, அதன் சரியான எண்ணைக் கருவிக்குக் கொடுக்க வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது வெப்பநிலை. பலர் கோட்டை விடுவது இங்கேதான். 35 பிபிடி கடல்நீரின் கடத்துதிறன் 25 டிகிரியில் சென்டிமீட்டருக்குச் சுமார் 53 மில்லிசீமென்ஸ் (கடத்துதிறனின் அலகு). ஒவ்வொரு டிகிரிக்கும் அது ஏறக்குறைய 2 சதவீதம் மாறும். நம்மூர் மதியத்தில் அறை 32 டிகிரி இருந்தால் அதே கரைசல் 60-ஐத் தாண்டிக் காட்டும். உங்கள் கருவியில் வெப்பநிலை ஈடுசெய்தல் (எந்தச் சூட்டிலும் 25 டிகிரிக்கான அளவாக மாற்றிக் காட்டுவது) இயங்கினால் 53 என்று கொடுங்கள். இல்லையென்றால் கரைசல் புட்டி லேபிளில் அந்த வெப்பநிலைக்கு எதிரே உள்ள எண்ணைக் கொடுங்கள். இன்னொன்று: பல கன்ட்ரோலர்களில் (ப்ரோப்கள் இணையும் கட்டுப்பாட்டுக் கருவி) வெப்பநிலை சென்சார் தொட்டியிலேயே இருக்கும், கண்டக்டிவிட்டி ப்ரோப் மட்டும் கரைசலுக்குள் போகும். கரைசல் வேறு வெப்பநிலையில் இருந்தால் ஈடுசெய்யும் கணக்கே தப்பாகிவிடும். அதனால் கரைசல் பாக்கெட்டையோ புட்டியையோ திறக்காமல் சம்ப்பில் (தொட்டியோடு இணைந்த துணைத் தொட்டி) மிதக்கவிடுங்கள். இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்தபின் தொடங்கலாம்.

காலிப்ரேட் செய்யும்போது பூச்சியப் புள்ளியும் கேட்கும் கருவி என்றால் முதலில் ப்ரோப்பை நன்றாக உலர்த்தி, காற்றில் வைத்து அந்தப் புள்ளியைப் பதிவு செய்யுங்கள். பிறகு கரைசலில் விட்டு, லேசாகத் தட்டிக் குமிழிகளை வெளியேற்றி, எண் அசையாமல் நிற்கும் வரை பொறுத்து 53-ஐ (ஈடுசெய்தல் இல்லையென்றால் லேபிள் எண்ணை) பதியுங்கள். பயன்படுத்திய கரைசலைத் திரும்பப் புட்டியில் ஊற்றாதீர்கள்.

கரைசல் கிடைக்காவிட்டால், அயோடின் சேர்க்காத, ஈரமில்லாத சுத்த சோடியம் குளோரைடு 37.1 கிராம் எடுத்து, மொத்த எடை 1000 கிராம் ஆகும்வரை ஆர்.ஓ. நீர் சேருங்கள். அந்தக் கரைசல் 35 பிபிடி கடல்நீர் அளவுக்கே மின்சாரம் கடத்தும். ரெஃப்ராக்டோமீட்டருக்கான (ஒளி வளைவதை வைத்து உப்பளவு காட்டும் கருவி) கரைசலுக்கு 36.5 கிராம்தான். ஒன்றுக்குச் செய்ததை மற்றதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

அப்புறம், ப்ரோப் இருக்கும் இடம். ஸ்கிம்மர் குமிழிகள் வராத, ஓரளவு நீரோட்டம் உள்ள இடமாக, சம்ப் சுவரிலிருந்து ஓரிரு அங்குலம் தள்ளி வையுங்கள். எண் குதித்துக்கொண்டே இருந்தால் பம்ப், ஹீட்டர் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எதை அணைக்கும்போது எண் நிலைக்கிறதோ, அதிலிருந்து மின்கசிவு தண்ணீருக்குள் வரலாம். உங்கள் கைக்கும் ஆபத்து என்பதால் அதை உடனே மாற்றுங்கள்.

இவ்வளவும் செய்தபின் புதுக் கரைசலில்கூட எண் நிலைக்கவில்லையா? ப்ரோப் கேபிளின் கனெக்டரில் உப்பு பூத்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சுத்தம் என்றால் புது ப்ரோப் வாங்கும் நேரம் வந்துவிட்டது.