தறிக்குப் போகும் முன் திரையில்: புடவை டிசைன் கேள்வி பதில்

காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுவது என் தொழில். அப்பா கிராப் தாளில் போட்டார். நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தாளில்தான் ஆரம்பித்தேன், அப்புறம் கணினிக்கு வந்தேன். கணினியை வைத்து டிசைன் செய்வது பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

கேள்வி: முப்பது வருஷமா கிராப்பில் டிசைன் போடுறேன் அம்மா. இப்ப கண் மங்குது, சின்னக் கட்டம் தெரியல. அம்பத்தெட்டு வயசுல கம்ப்யூட்டர் கத்துக்க முடியுமா? (ஆரணி)

முடியும் ஐயா. கிராப்பில் ஒரு கட்டம் என்பது பாவும் (நீள இழை) ஊடையும் (குறுக்கு இழை) சந்திக்கும் ஓர் இடம். அங்கே ஜரிகை மேலே தெரிய வேண்டுமா, உள்ளே போக வேண்டுமா என்பதை நீங்கள் பென்சிலால் நிரப்பிச் சொல்கிறீர்கள். திரையில் இருக்கும் புள்ளியும் அதே கட்டம்தான். அதை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கலாம். உங்கள் கண்ணுக்கு அது ஒன்றே பெரிய நிம்மதி.

இன்னொன்று, அழிப்பது. தாளில் மயிலின் கழுத்தை இரண்டு கட்டம் தள்ளி வைக்க நினைத்தால் பாதிப் பறவையை ரப்பரால் தேய்க்க வேண்டும், தாள் கிழியும். அதனாலேயே 'பரவாயில்லை, இப்படியே இருக்கட்டும்' என்று விட்ட டிசைன்கள் எங்கள் வீட்டில் நிறைய உண்டு. திரையில் கழுத்தைப் பத்து விதமாக வளைத்துப் பார்க்க பத்து நிமிடம் போதும். எந்தக் கழுத்து சரி என்று சொல்ல மட்டும் முப்பது வருஷம் பார்த்த கண் வேண்டும். அது உங்களிடம் இருக்கிறது. மவுஸ் பிடிக்க ஒரு மாதம் ஆகும், அவ்வளவுதான். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் யாராவது பக்கத்தில் இருந்தால் அதுகூட ஆகாது.

கேள்வி: அக்கா, நான் வட்டமாகப் போட்ட சக்கரம் தறியில் முட்டை மாதிரி வந்துவிட்டது. எங்கே தப்பு? (கும்பகோணம், கல்லூரி மாணவி)

இந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன், ஓர் அன்னத்தில். நெய்து இறங்கியபோது அது கொக்கு மாதிரி நின்றது. நெய்தவரின் இரண்டு நாள் உழைப்பு வீணானது. இன்றும் ஒவ்வொரு ஃபைலைத் திறக்கும்போதும் அந்த அன்னம் ஞாபகம் வருகிறது.

கணக்கு இதுதான். உங்கள் தறியில் ஓர் அங்குலத்துக்குப் பாவு இழை 80, ஊடை இழை 60 என்று வைத்துக்கொள்வோம். ஜக்கார்டில் (டிசைனுக்கு ஏற்பப் பாவு இழைகளைத் தூக்கும் கருவி) 240 ஹூக் (இழையைத் தூக்கும் கொக்கி), ஹூக்குக்கு ஓர் இழை. அப்படியானால் 240 கட்டம் அகலம் என்பது துணியில் 3 அங்குலம். ஆனால் 240 கட்டம் உயரம் என்பது 4 அங்குலம். திரையில் கட்டம் சதுரமாக இருப்பதால் உங்களுக்கு வட்டம் தெரிந்தது, தறியில் அது நீண்டுவிட்டது. 3 அங்குல வட்டம் வேண்டுமென்றால் உயரம் 180 வரிசைதான்.

மனக்கணக்காகச் சுருக்கி வரைய வேண்டியதில்லை. கிம்ப் மென்பொருளில் படத்தின் கிடை ரெசல்யூஷனை (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பது) 80 என்றும் செங்குத்து ரெசல்யூஷனை 60 என்றும் கொடுங்கள். பிறகு வியூ மெனுவில் 'டாட் ஃபார் டாட்' என்பதை எடுத்துவிடுங்கள். கட்டங்கள் சதுரமாக இல்லாமல் துணியில் இருக்கும் விகிதத்தில் தெரியும். அந்தத் திரையில் வட்டமாக இருப்பது தறியிலும் வட்டமாக வரும். உங்கள் தறியின் இழைக் கணக்கை நெசவாளரிடம் கேட்டு வாங்குங்கள். ஊருக்கு ஊர், தறிக்குத் தறி மாறும்.

கேள்வி: விலை கொடுத்து மென்பொருள் வாங்க வசதியில்லை. இலவசமாக எது? (பரமக்குடி)

கட்டம் கட்டமாகப் போட கிம்ப், கையால் வரைந்து பார்க்க கிரிட்டா, கோடுகளுக்கு இங்க்ஸ்கேப். மூன்றும் இலவசம். கிம்ப்பில் பிரஷ் எடுக்காதீர்கள், பென்சில் எடுங்கள். பிரஷ் ஓரத்தை மழுப்பும், தறிக்கு மழுப்பல் புரியாது. இமேஜ் மெனுவில் மோட் போய் இண்டெக்ஸ்ட் ஆக்கி, எத்தனை நிற நூலோ அத்தனை நிறம் மட்டும் வையுங்கள். பெரிதாக்கும்போதும் சிறிதாக்கும்போதும் இன்டர்போலேஷன் (புள்ளிகளுக்கு நடுவே நிறத்தைக் கலந்து நிரப்புவது) 'நன்' (None) என்று இருக்க வேண்டும்.

கிரிட்டாவில் டபிள்யூ விசையை அழுத்தினால் நீங்கள் வரையும் ஒரு பூ எல்லாப் பக்கமும் திரும்பத் திரும்பத் தெரியும். எனக்கு மிகவும் பிடித்த வசதி அது. ஒரு புட்டா (புடவை உடலில் திரும்பத் திரும்ப வரும் சின்ன உருவம்) தனியாக அழகாக இருக்கும். அடுக்கிப் பார்த்தால் நடுவில் விரும்பாத ஒரு சாய்ந்த கோடு உருவாகும். அப்பா காலத்தில் அது அரைப் புடவை நெய்த பிறகுதான் தெரியும்.

கேள்வி: கணினி வரைவதை வேகப்படுத்துகிறது, புரிகிறது. அதற்கு மேல் படைப்புக்கு ஏதாவது செய்கிறதா? (கோவை, டிசைன் மாணவர்)

செய்கிறது. கணினியில் வரையும் துறையின் முதல் பெரிய வேலையிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. 1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஐவன் சதர்லாண்ட் 'ஸ்கெட்ச்பேட்' என்ற வரையும் மென்பொருளைச் செய்தார். ஒளிப்பேனாவால் திரையிலேயே வரையலாம். அதில் இரண்டு யோசனைகள் என்னைப் பொறுத்தவரை இன்றும் புதிது.

ஒன்று, நிபந்தனை. கோணல்மாணலாக இரண்டு கோடு போட்டுவிட்டு 'இவை இணையாக இருக்கட்டும்' என்று சொன்னால் அது நேராக்கித் தரும். அதாவது நீங்கள் உருவத்தோடு சேர்த்து உறவையும் சொல்கிறீர்கள். இரண்டாவது, மூலமும் பிரதியும். ஒரு பூவை மூலமாக வைத்து நூறு இடத்தில் அதன் பிரதியை வைத்தால், மூலத்தில் ஓர் இதழை மாற்றினால் நூறு பூவும் மாறும். இங்க்ஸ்கேப்பில் ஆல்ட்டும் டி-யும் சேர்த்து அழுத்தி நீங்கள் எடுக்கும் குளோன் அந்த வழியில் வந்ததுதான்.

இது வெறும் வேகம் இல்லை. புடவையின் முழு உடலும் பூவால் நிரம்பிய நிலையில் ஓர் இதழை அசைத்து, அசைக்கும்போதே மொத்தப் புடவையும் மாறுவதைப் பார்க்கிறீர்கள். கையால் நூறு பூ போட்டவர் அந்த ஒரு கேள்வியை எழுப்பவே மாட்டார், எழுப்பினால் ஒரு வார வேலை போய்விடும். கேட்கத் துணியாத கேள்வியைக் கேட்கவைப்பதுதான் கணினி செய்யும் பெரிய உதவி என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி: கம்ப்யூட்டருக்கும் ஜக்கார்டுக்கும் சம்பந்தம் உண்டு என்கிறார்களே? (சேலம்)

உண்மையான சம்பந்தம். பிரான்ஸின் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்ட் 1804 வாக்கில் அமைத்த கருவியில் ஓர் அட்டை என்பது ஒரு ஊடை வரிசை. ஓட்டை இருந்தால் இழை எழும், இல்லாவிட்டால் எழாது. 1839இல் அவருடைய உருவப்படத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்கு ஏறக்குறைய 24,000 அட்டைகள் ஆயின. அதில் ஒரு படத்தைக் கணினியின் முன்னோடியான சார்லஸ் பாபேஜ் வாங்கி வைத்திருந்தார், தன் கணக்குப் பொறிக்கும் அட்டையையே எடுத்துக்கொண்டார். ஜக்கார்டு தறி பூவும் இலையும் நெய்வது போல அந்தப் பொறி இயற்கணிதக் கோலங்களை நெய்யும் என்று 1843இல் ஆங்கிலக் கணித அறிஞர் ஏடா லவ்லேஸ் எழுதினார். அட்டை குத்துகிற நம் ஊர்க்காரர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: திரையில் பார்த்த நிறம் புடவையில் வரவே இல்லை. மானிட்டரை மாற்றணுமா? (சென்னை, கடை உரிமையாளர்)

நல்ல மானிட்டர் கொஞ்சம் உதவும், ஆனால் சிக்கல் அங்கே இல்லை. மயில்கழுத்து நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். நீலமும் பச்சையும் குறுக்கே ஓடி, புடவை மடியும்போது ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் பச்சையாகவும் மின்னும். திரையில் இரண்டு நிறப் புள்ளிகளை ஒன்றுவிட்டு ஒன்று அடுக்கினால் தூரத்திலிருந்து கலவை நிறம் கிடைக்கும், அந்த மின்னல் கிடைக்காது. ஜரிகையும் அப்படியே. திரையில் அது மஞ்சள், அவ்வளவுதான்.

அதனால் நான் நிறத்தைத் திரையில் முடிவு செய்வதில்லை. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது என்பதை மட்டும் அங்கே பார்க்கிறேன். அரக்கு உடலுக்குக் கிளிப்பச்சை பார்டரா, மாந்துளிருக்கு வாடாமல்லியா என்று இருபது ஜோடி போட்டுப் பார்த்து மூன்றாகக் குறைப்பேன். அந்த மூன்றுக்கும் சாயம் போட்ட பட்டு நூலை எடுத்துத் திருகி, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். கடையில் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: இனி ஏஐயிடம் 'காஞ்சிப் பட்டு முந்தி வரை' என்றால் வரைந்துவிடுமே. உங்களைப் போன்றவர்கள் எதற்கு? (பெங்களூரு)

நானும் போட்டுப் பார்த்தேன். பார்க்கப் பகட்டாக இருந்தது. பெரிதாக்கினால் யாளிக்கு ஐந்து கால், ருத்ராட்ச வரிசையில் ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு அளவு, ஓரம் ஓரத்தோடு சேரவில்லை. இந்தக் குறைகள் நாளை தீரலாம், அதனால் அதை வைத்து வாதாட மாட்டேன். என் கவலை வேறு. அந்தப் படத்துக்குத் தறி தெரியாது. ஜரிகை கட்டு (இடையிடையே அதைத் துணியோடு பிடித்து வைக்கும் இழை) இல்லாமல் நீளமாகத் துணிமேல் கிடந்தால் வளையல் மாட்டி இழுக்கும். நான் எட்டு இழைக்கு ஒரு தடவையாவது கட்டு வைப்பேன். பெரிய மாங்காய்க்குள் இந்தக் கட்டுகளை வெறும் புள்ளியாக வைக்காமல் ஒரு கொடியாக ஓடவிடுவேன். தறி போட்ட கட்டாயத்திலிருந்து வந்த அழகு அது. பழைய புடவைகளில் மயில்கள் எதிரெதிரே நிற்பதும் அப்படித்தான். பாதி உருவத்துக்கு மட்டும் ஹூக் வைத்து, மறுபாதியைக் கண்ணாடிப் பிம்பமாகக் கட்டினால் 240 ஹூக்கிலேயே இரண்டு மடங்கு அகலம் கிடைக்கும்.

இயந்திரத்தோடு சேர்ந்து வேலை செய்ய விரும்புகிறவர்களுக்கு ஹரால்டு கோஹன் பற்றிச் சொல்வேன். 1966இல் வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் பிரிட்டன் சார்பில் பங்கேற்ற ஓவியர் அவர். 1970களில் தொடங்கி 2016இல் இறக்கும்வரை 'ஆரன்' என்ற தன் வரையும் நிரலை (புரோகிராமை) விடாமல் எழுதிக்கொண்டே இருந்தார். கோடுகளை நிரல் போடும், பல வருடங்கள் வண்ணத்தைத் தன் கையால் தீட்டினார். உருவத்தின் முன்னால் எது, பின்னால் எது, மூடிய வடிவம் என்றால் என்ன என்று தனக்குத் தெரிந்ததை ஒவ்வொரு விதியாக நிரலுக்குச் சொல்லிக்கொடுத்தார். அப்படிச் சொல்ல முயலும்போது தன் கலையைப் பற்றி நிறைய தெளிவு வந்திருக்க வேண்டும். ஒரு வரி எழுதிப் படம் வாங்குவதில் அந்தத் தெளிவு வருவதில்லை. அதோடு, அந்தப் படத்தில் யாருடைய கிராப் கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியவும் தெரியாது. அதனால் நான் அதை நெசவுக்கு அனுப்புவதில்லை.

கேள்வி: கோலம் வரையும் நிரல் எழுத ஆசை. எங்கே தொடங்குவது? (தாம்பரம், மென்பொருள் பொறியாளர்)

உங்கள் ஊரிலேயே தொடங்கலாம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருதிவாசனோடு சேர்ந்து 1974இல் கோலத்தை இலக்கணமாக எழுதி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பது போல, புள்ளிக்கும் வளைவுக்கும் விதிகள். சிக்குக் கோலத்தில் தொடங்குங்கள். ஒரு புள்ளியைச் சுற்றிக் கோடு எப்படித் திரும்பலாம் என்று சில அசைவுகளை மட்டும் வரையறுத்து, கோடு மூடி வருகிறதா என்று சோதித்தால் போதும். நிரல் ஆயிரம் கோலம் கொட்டும். அதை உங்கள் வீட்டில் மார்கழியில் கோலம் போடுபவரிடம் காட்டி, எதை வாசலில் போடுவார் என்று கேளுங்கள். அவர் ஒதுக்கியவற்றுக்குக் காரணம் கேட்டு எழுதிவைத்தால், அடுத்த விதி அதுதான்.

கேள்வி: கம்ப்யூட்டர் வந்த பிறகு எல்லாப் புடவையும் ஒரே மாதிரி ஆகிவிட்டதே? (காஞ்சிபுரம், நெசவாளர்)

உண்மை. மனசுக்குக் கஷ்டமாகவும் இருக்கிறது. ஃபைலைக் காப்பி எடுப்பது எளிது, அதனால் ஒருவர் போட்ட பார்டர் ஒரே மாதத்தில் பத்துத் தறியில் ஓடுகிறது. நான் கடைப்பிடிக்கும் வழி ஒன்றுதான். முதல் உருவத்தை எப்போதும் தாளில், பேனாவால், அழிக்க முடியாதபடி வரைவேன். அதன் பிறகே திரை. கணினியில் தொடங்கினால் பழைய ஃபைலைத் திறக்கத்தான் கை போகிறது. டிசைன் உதவிக்கு நம் ஊர் நெசவாளர் சேவை மையத்துக்கும் போங்கள் அண்ணா.

கேள்வி: பாட்டியின் கல்யாணப் புடவை மடிப்பில் கிழிகிறது. முந்தி டிசைனை மட்டுமாவது காப்பாற்ற முடியுமா? (திருச்சி)

முடியும், சீக்கிரம் செய்யுங்கள். புடவையைத் தரையில் வெள்ளைத் துணிமேல் விரித்து, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, நேர் மேலிருந்து படம் எடுங்கள். பிறகு இழை எண்ணும் கண்ணாடியால் ஓர் அங்குலத்தில் பாவும் ஊடையும் எத்தனை என்று மூன்று இடத்தில் எண்ணுங்கள். அந்த எண்களைக் கிம்ப்பில் கொடுத்து, படத்தைக் கீழ் அடுக்கில் மங்கலாக வைத்து, மேலே கட்டம் கட்டமாக நீங்களே போடுங்கள். தானாக வரைந்து தரும் வசதியைத் தொடவேண்டாம், அது இழையை எண்ணாது.

போடும்போது ஒரு பறவையின் கண் மற்றவற்றைவிட ஓர் இழை தள்ளி இருக்கலாம். திருத்தாமல் அப்படியே வையுங்கள். முடித்ததும் எனக்கும் அனுப்புங்கள், எத்தனை ஹூக்கில் நெய்திருப்பார்கள் என்று சேர்ந்து எண்ணிப் பார்ப்போம்.