"நீங்களும் பிடிச்சிட்டுத்தானே வந்தீங்க, தம்பி?"

கேள்வி: எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். முதலாம் ஆண்டு அனாட்டமி இன்டர்னல்ஸ் (கல்லூரி உள்தேர்வு) சமயத்தில் சீனியர்களோடு டீக்கடைக்குப் போய்ப் பழகிய சிகரெட், இப்போது ஒரு நாளைக்கு எட்டு. போன வாரம் வார்டில் மூச்சிரைப்போடு இருந்த ஒரு பெரியவரிடம் பீடியை விடச் சொன்னேன். "நீங்களும் பிடிச்சிட்டுத்தானே வந்தீங்க, தம்பி?" என்றார். அதற்குப் பிறகு எந்த நோயாளியிடமும் அந்தப் பேச்சை எடுக்க வாய் வரவில்லை. (பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்: தம்பி, அவர் நெஞ்சில் கை வைத்துத் தட்டிப் பார்க்கும்போது உங்கள் விரல்கள் அவர் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கின்றன. சோப்புப் போட்டாலும் லேசில் போகாத வாசனை அது. அவர் உங்களைக் குத்திக்காட்டியதாக எனக்குத் தோன்றவில்லை. பார்த்ததைச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

கேஸ் ஷீட்டில் அவருக்குப் 'பேக் இயர்ஸ்' கணக்குப் போட்டிருப்பீர்கள், அதாவது தினம் எத்தனை பாக்கெட் என்பதை எத்தனை வருடம் என்பதோடு பெருக்குவது. உங்களுக்கும் போட்டுப் பாருங்கள். 20 சிகரெட் ஒரு பாக்கெட் என்று வைத்தால், தினம் எட்டு வீதம் இரண்டரை வருடத்துக்குச் சரியாக ஒன்று வருகிறது. இந்த ஒன்றிலேயே நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. 1951-ல் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்டு ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிரிட்டன் டாக்டர்களுக்கே கடிதம் எழுதி, அவர்களுடைய புகைப்பழக்கத்தைக் கேட்டு ஆய்வைத் தொடங்கினார்கள். அந்த ஆய்வு 50 வருடம் தொடர்ந்தது. விடாமல் பிடித்தவர்கள் சராசரியாகப் பத்து வருடம் முன்னதாகவே இறந்தார்கள். 30 வயதுக்குள் விட்டவர்களுக்கு அந்தப் பத்து வருடமும் ஏறக்குறைய முழுசாகத் திரும்பக் கிடைத்தது. உங்களுக்கு 30 ஆக இன்னும் எவ்வளவோ இருக்கிறது!

படிக்கிற டென்ஷனுக்குத்தான் பிடிக்கிறேன் என்று ஹாஸ்டலில் எல்லோரும் சொல்வார்கள். ரத்தத்தில் நிகோட்டின் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். அப்போது வருகிற எரிச்சலில் பாதி, முந்தைய சிகரெட் விட்டுப்போனது. அடுத்ததைப் பற்றவைத்ததும் அது அடங்குகிறது. நாம் டென்ஷன் குறைந்தது என்று நினைத்துக்கொள்கிறோம்.

சரி, எப்படி விடுவது? இன்டர்னல்ஸ் முடிந்த மறுநாளைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று நாள்தான் ரொம்பப் படுத்தும். சில வாரங்களில் அடங்கிவிடும். அதுவரை டீயை மெஸ்ஸிலேயே குடியுங்கள். அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்தால் கை தானாக நீளும். ரூம்மேட்டிடம் சொல்லிவையுங்கள், முடிந்தால் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிகோட்டின் கம் வாங்கினால் பபிள்கம் மாதிரி மெல்லக்கூடாது. நாக்கில் சுள்ளென்றதும் நிறுத்திக் கன்னத்தில் ஒதுக்கி, அது அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். டீ குடித்த கையோடு போட்டால் சரியாக வேலை செய்யாது. புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற இலவச எண்ணிலும் பேசலாம். டாக்டருக்குப் படிக்கிறவர் கூப்பிடுவதா என்று கூச்சப்பட வேண்டாம். நடுவில் ஒரு நாள் பிடித்துவிட்டால் மறுநாளே திரும்பத் தொடங்குங்கள்.

அப்புறம், அந்தப் பெரியவர் டிஸ்சார்ஜ் ஆவதற்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள். "நானும் விடப்போகிறேன் ஐயா, இந்தத் தேதியில்" என்று சொல்லுங்கள். அவருக்கு எந்த நேரத்துப் பீடியை விடுவது கஷ்டம் என்று கேளுங்கள். காலையில் எழுந்ததும் பிடிப்பது என்றுதான் பெரும்பாலும் சொல்வார். உங்களுக்கும் அதுதானே?