லார்சன் ஆட்டத்தை எப்படிப் பார்ப்பது? உயரம் குறைந்த ஃபார்வர்டு ஒருவரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: எனக்கு 20 வயது. கல்லூரி கால்பந்து அணியில் ஃபார்வர்டாக ஆடுகிறேன். உயரம் 5 அடி 7 அங்குலம். ஓரத்திலிருந்து உயரமாகக் கிராஸ் வரும்போதெல்லாம் டிஃபென்டர்கள் என் தலைக்கு மேலேயே பந்தை எடுத்துவிடுகிறார்கள். "ஸ்வீடனின் ஹென்ரிக் லார்சன் ஆடியதைப் போய்ப் பார்" என்கிறார் பயிற்சியாளர். இணையத்தில் அவருடைய கோல் தொகுப்புகளைப் பார்த்தேன். நிறைய கோல் அடிக்கிறார் என்பதைத் தவிர ஒன்றும் புரியவில்லை. எந்த ஆட்டங்களை, எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்? இந்த வயதுக்கு மேல் கற்றுக்கொண்டு பலன் உண்டா? இன்னொன்று, அடுத்த சீசனில் என்னை விங்கில், அதாவது மைதானத்தின் ஓரத்தில், ஆடச் சொல்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் பயிற்சியாளர் சரியான ஆளைத்தான் சொல்லியிருக்கிறார். நீங்கள் கோல் தொகுப்பைப் பார்த்ததுதான் சிக்கல். அந்த வீடியோக்கள் பந்து லார்சனிடம் வந்துசேரும் நேரத்தில்தான் தொடங்கும். அவருடைய வேலையில் பெரும்பகுதி அதற்கு முன்பே முடிந்திருக்கும். கோல் விழுந்ததும் இரண்டு கைகளையும் விரித்து, நாக்கை நீட்டிக்கொண்டு ஓடுவார். தொகுப்புகளில் தெளிவாகத் தெரிவது அது ஒன்றுதான்.

லார்சன் கிட்டத்தட்ட 5 அடி 10 அங்குலம். ஐரோப்பாவின் சென்டர் டிஃபென்டர்களுக்கு நடுவே அது குறைவான உயரம்தான். ஆனாலும் அவர் காலத்தில் தலையால் கோல் போடுவதில் அவரைவிடக் கெட்டிக்காரர்கள் அதிகம் பேர் கிடையாது. நிறையப் பேர் அவருடைய எம்பலைத்தான் புகழ்வார்கள். நல்ல எம்பல்தான், மறுக்கவில்லை. ஆனால் எந்த இடத்தில், எந்த நேரத்தில் எம்புகிறார் என்பதில்தான் உங்களுக்கான பாடம் இருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது 2003 மே 21 அன்று ஸ்பெயினின் செவில் நகரில் நடந்த யூஇஎஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டம். ஸ்காட்லாந்தின் செல்டிக்கும் மொரினியோ பயிற்சி தந்த போர்ட்டோவும் மோதின. கூடுதல் நேரம் வரை போய் 3-2 என்று போர்ட்டோ ஜெயித்தது. செல்டிக்கின் இரண்டு கோலும் லார்சனுடையவை, இரண்டும் தலையால் அடித்தவை. முதலாவது 47ஆவது நிமிடத்தில், டிடியே அகாத் வலது ஓரத்திலிருந்து தூக்கிப்போட்ட கிராஸில் வந்தது. இரண்டாவது அடுத்த பத்தே நிமிடத்தில், ஆலன் தாம்சன் எடுத்த கார்னரில். தோற்ற ஆட்டத்தை முதலில் பார்க்கச் சொல்வது விசித்திரமாகப் படலாம். அன்று போர்ட்டோவின் தற்காப்பு அவ்வளவு நன்றாக இருந்தது. அடுத்த வருடம் அவர்கள் சாம்பியன்ஸ் லீகையே ஜெயித்தார்கள். அப்படிப்பட்ட டிஃபென்டர்களுக்கு நடுவில் இரண்டு தடவை இடம் கண்டுபிடித்தவரிடம் கற்க நிறைய இருக்கிறது.

அகாத்தின் காலிலிருந்து பந்து கிளம்பும் இடத்தில் வீடியோவை நிறுத்துங்கள். லார்சன் எங்கே நிற்கிறார்? அவரைக் காவல் காப்பவரின் கண் எங்கே இருக்கிறது? பிறகு மெதுவாக ஓடவிடுங்கள். பந்தையும் ஆளையும் ஒரே நேரத்தில் பார்க்க எந்த டிஃபென்டராலும் முடியாது. பந்து ஓரத்துக்குப் போனால் அவர் கழுத்தைத் திருப்பித்தான் ஆக வேண்டும். கண் உங்களை விட்டு விலகிய அந்த அரை நொடியில் அவருடைய முதுகுப் பக்கமாக நழுவி ஃபார் போஸ்டை (கிராஸ் வரும் பக்கத்துக்குத் தூரத்தில் உள்ள கோல் கம்பத்தை) நோக்கிப் போய்விட்டால், அவர் திரும்பித் தேடுவதற்குள் நீங்கள் ஓடி எம்பிக்கொண்டிருப்பீர்கள். நின்ற இடத்திலிருந்து எம்புபவரைவிட ஓடிவந்து எம்புபவர் உயரமாகப் போவார். உங்களைவிட நான்கு அங்குலம் உயரமானவரை நீங்கள் ஜெயிக்க வழி அதுதான். இப்போது நீங்கள் பந்துக்குக் காத்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். டிஃபென்டரின் பக்கத்திலேயே நின்று எம்பினால் உயரம் அதிகமானவருக்குத்தான் பந்து.

இரண்டாவதாக, 2004 யூரோ கோப்பையில் (ஐரோப்பிய நாடுகளின் போட்டி) ஸ்வீடன் பல்கேரியாவை 5-0 என்று வென்ற ஆட்டம். 2002 உலகக் கோப்பைக்குப் பிறகு தேசிய அணியிலிருந்து விலகியிருந்த லார்சனை, ஸ்வீடனில் ரசிகர்கள் கையெழுத்து இயக்கமே நடத்தித் திரும்ப வரவழைத்தார்கள். 57ஆவது நிமிடத்தில் இடது ஓரத்திலிருந்து எரிக் எட்மன் அனுப்பிய பந்தை, உடம்பைக் கிடைமட்டமாக வீசித் தலையால் அடித்தார். பார்த்தவர்கள் மறக்காத கோல். அடுத்த நிமிடமே இன்னொன்று! பலர் டைவை மட்டும் பார்த்து வியப்பார்கள். நீங்கள் டைவுக்கு முந்தைய ஓட்டத்தைப் பாருங்கள். பந்து விழப்போகும் இடத்தில் முன்கூட்டியே போய் நின்றிருந்தால் டைவுக்குத் தேவையே இருந்திருக்காது, கோலும் விழுந்திருக்காது. காலி இடத்தைக் கடைசி வரை காலியாகவே விட்டுவைத்து, பந்தோடு சேர்ந்து அங்கே போகிறார்.

மூன்றாவது, 2006 மே 17 அன்று பாரிஸை ஒட்டிய செயின்ட் டெனியில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். அப்போது லார்சன் பார்சிலோனாவில் இருந்தார், எதிரணி இங்கிலாந்தின் ஆர்சனல். இதில் லார்சன் கோலே அடிக்கவில்லை. ஆனால் என்னைக் கேட்டால் மூன்றில் உங்களுக்கு மிக உதவப்போவது இதுதான். ஆர்சனல் கோல்கீப்பர் லேமன் 18ஆவது நிமிடத்திலேயே சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். அப்படியும் 37ஆவது நிமிடத்தில் கேம்பல் தலையால் கோல் போட, ஆர்சனல்தான் முன்னிலை. பத்துப் பேரோடு ஆடிய அணியை பார்சிலோனாவால் உடைக்க முடியவில்லை. ரொனால்டினியோ, எட்டோ எல்லாரும் களத்தில் இருக்கிறார்கள், ஒன்றும் நடக்கவில்லை. 61ஆவது நிமிடத்தில் வான் பொம்மலுக்குப் பதிலாக லார்சன் வந்தார். அப்போது அவருக்கு 34 வயது.

76ஆவது நிமிடத்தைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். இனியெஸ்டா வேகமாக ஒரு பாஸ் அனுப்புகிறார். லார்சன் அதை நிறுத்தவில்லை, திரும்பவும் இல்லை. ஒரே டச்சில் இடப்பக்கமாகத் தட்டிவிட, எட்டோ ஓடிவந்து கோல் அடிக்கிறார். சில நிமிடம் கழித்து லார்சன் வலது பக்கம் விலகிப் போகிறார். கூடவே டிஃபென்டரும் இழுபட, அந்த வழியில் பார்சிலோனாவின் பெல்லெட்டி ஓடி நுழைகிறார். சரியான நேரத்தில் பாஸ், 2-1, கோப்பை பார்சிலோனாவுக்கு. ஆட்டம் முடிந்ததும் எதிரணியின் ஹென்றியே, மற்ற பெயர்களைப் பேசுவதை விட்டு லார்சனைப் பற்றிப் பேசுங்கள் என்ற ரீதியில் பேட்டி கொடுத்தார்.

அந்த முதல் டச்சுக்கு முன்னால் அவர் தலையைத் திருப்பி எட்டோ எங்கே வருகிறார் என்று பார்த்தாரா, எப்போது பார்த்தார் என்று தேடுங்கள். பந்து வந்த பிறகு யோசித்திருந்தால் அந்தத் தட்டல் சாத்தியமே இல்லை. பந்து வருவதற்குள் இரண்டு தடவையாவது தோளுக்குப் பின்னால் பார்க்கும் பழக்கத்தை நாளையிலிருந்தே தொடங்கலாம். இதற்கு உயரமும் வேண்டாம், வேகமும் வேண்டாம்.

நேரம் இருந்தால் 2000 ஆகஸ்டில் செல்டிக் 6-2 என்று ரேஞ்சர்ஸை நொறுக்கிய ஆட்டத்தையும் பாருங்கள். ரேஞ்சர்ஸ் டிஃபென்டர் கொண்டர்மனைத் தாண்டி ஓடி, முன்னேறி வந்த கோல்கீப்பர் க்ளோஸின் தலைக்கு மேல் சிப் செய்த கோல் அதில்தான். சும்மா ரசிக்க.

பார்க்கும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. முழு ஆட்டப் பதிவு கிடைத்தால் அதுவே நல்லது. முதல் தடவை ஸ்கோரை மறந்து, அரைமணி நேரம் பந்தை விட்டுவிட்டு லார்சனை மட்டும் பாருங்கள். திரையில் அவர் இல்லாத நேரம் நிறைய இருக்கும், பரவாயில்லை. கிராஸ் வரும் ஒவ்வொரு தடவையும் அவர் முதலில் எந்தப் பக்கம் அசைந்தார், டிஃபென்டரின் எந்தத் தோள் பக்கம் நின்றார், எப்போது வேகமெடுத்தார் என்று ஒரு நோட்டில் குறியுங்கள். பந்து கிடைக்காத ஓட்டங்களையும் விடாதீர்கள். பத்துத் தடவை ஓடினால் ஒன்றிரண்டு தடவைதான் பந்து வரும். அவர் பத்தையும் ஒரே முனைப்போடு ஓடுவார். வராது என்று நினைத்து நாம் நடந்துபோகும் ஓட்டத்தில்தான் பெரும்பாலும் பந்து வந்து தொலைக்கும்.

பயிற்சிக்கு ஒரு விங்கர், ஒரு டிஃபென்டர், நீங்கள், இவ்வளவு போதும். உங்கள் முதல் அசைவு போக நினைக்கும் திசைக்கு எதிராக இருக்க வேண்டும், விங்கர் பந்தை உதைக்கக் காலை ஓங்கிய பிறகே வேகமெடுக்க வேண்டும். நியர் போஸ்டுக்கு (அருகில் உள்ள கம்பத்துக்கு) போவதுபோல் இரண்டடி வைத்து, பின்னால் நழுவுங்கள். அடுத்த தடவை மாற்றிச் செய்யுங்கள். தலையால் அடிப்பதை அளவோடு வையுங்கள். ஒரே நாளில் ஐம்பது, அறுபது ஹெட்டர் எல்லாம் வேண்டாம், மூளைக்கு நல்லதல்ல. ஓட்டத்தையும் எம்பலையும் பந்தில்லாமலே பழகலாம். பந்தோடு பழகும்போது நண்பரைக் கையால் தூக்கிப்போடச் சொல்லுங்கள்.

அடுத்து வயது. லார்சன் 1971இல் ஹெல்சிங்போர்க் நகரில் பிறந்தார். அப்பா கேப் வெர்டே தீவுகளிலிருந்து வந்தவர், அம்மா ஸ்வீடன்காரர். லார்சன் என்பது அம்மாவின் குடும்பப் பெயர். உங்கள் வயதில் அவர் ஹொகபோர்க் என்ற உள்ளூர் கிளப்பில், கீழ் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தார். கால்பந்து சோறு போடவில்லை, பழம் பெட்டியில் அடுக்கும் வேலையும் பார்த்தார். 1992இல்தான் ஊரின் பெரிய கிளப்பான ஹெல்சிங்போர்க் அவரை எடுத்தது. அந்த ஒரே சீசனில் 31 ஆட்டங்களில் 34 கோல். 24 வருடமாக மேல் டிவிஷனைப் பார்க்காமல் இருந்த கிளப் அதில் ஏறியது. இரண்டே வருடத்தில் 1994 உலகக் கோப்பையில் ஸ்வீடனுக்காக ஆடி, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் கோலும் போட்டார்.

இதைப் படித்துவிட்டு நானும் அப்படி ஆகிவிடுவேன் என்று முடிவு கட்டாதீர்கள். அவர் கீழ் டிவிஷனில் ஆடினாலும், சின்ன வயதிலிருந்தே ஒழுங்கான லீக் ஆட்டங்களில் ஆடி வளர்ந்தவர். ஸ்வீடனில் சின்ன ஊருக்கும் கிளப் இருக்கும், கிளப்புக்கு மைதானம் இருக்கும். ஆனால் எங்கே ஓடுவது, எப்போது ஓடுவது என்பதை 20 வயதில் கற்க முடியுமா என்றால் தாராளமாக முடியும். வயதாக ஆக வேகம் குறையும், இந்த அறிவு கூடும். அவரே சாட்சி. 1999 அக்டோபரில் லியோனில் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அதற்கு அடுத்த சீசனில் லீக்கில் மட்டும் 35 கோல், ஐரோப்பாவின் தங்கக் காலணி விருது. 2004இல் பார்சிலோனாவில் முழங்கால் லிகமென்ட் கிழிந்தது. பாரிஸ் இரவு அதற்கும் பிறகுதான். 35 வயதில் மான்செஸ்டர் யுனைடெட் அவரைச் சில வாரங்களுக்குக் கடனாக வாங்கி ஆடவைத்தது.

ஸ்காட்லாந்து லீக் பலவீனமானது, அங்கே லீக்கில் 221 ஆட்டத்தில் 174 கோல் அடித்தது பெரிய விஷயமா என்று சிலர் கேட்பார்கள். லீக் பலவீனமானது என்பது நியாயமான பேச்சுதான். ஆனால் மூன்று உலகக் கோப்பைகளில், 1994, 2002, 2006, கோல் அடித்தவர் அவர். பலவீனமான அணிகளை மட்டும் அடித்தவருக்கு அது வாய்க்காது. 2006இல் இங்கிலாந்துக்கு எதிராக 90ஆவது நிமிடத்தில் சமன் செய்தார். அடுத்த ஆட்டத்திலேயே ஜெர்மனிக்கு எதிரான பெனால்டியை பாருக்கு மேல் அடித்து வீணாக்கினார். அதையும் பாருங்கள், அவரும் மனிதர்தான் என்று நிம்மதியாக இருக்கும்.

கடைசியாக, விங் விஷயம். ஒப்புக்கொள்ளுங்கள். 1993 முதல் 1997 வரை நெதர்லாந்தின் ஃபெயனூர்டில் லார்சனைப் பெரும்பாலும் ஓரத்திலும் நடுவரிசையிலும்தான் ஆடவைத்தார்கள். அடிக்கடி பாதியில் வெளியே எடுத்தார்கள். நான்கு வருடத்தில் லீக் கோல் 26தான். அவருக்கு அது கசப்பான காலம். பிறகு செல்டிக் வெறும் 6,50,000 பவுண்டுக்கு வாங்கியது. அங்கேயும் முதல் லீக் ஆட்டத்தில் மாற்று வீரராக வந்து அவர் கொடுத்த பாஸ் நேராக எதிரணிக்காரர் காலுக்குப் போய், அதுவே வெற்றி கோலாகிவிட்டது! அந்த சீசன் முடிவில் செல்டிக் சாம்பியன். ஆனால் பாரிஸில் வலது ஓரத்துக்கு விலகிப்போய் பெல்லெட்டிக்கு அந்த பாஸைக் கொடுத்தவருக்கு, ஓரத்தில் ஆடிய வருடங்கள் வீண்போகவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒப்புக்கொள்வதற்கு முன் பயிற்சியாளரிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: எதிர்ப்பக்கத்திலிருந்து கிராஸ் வரும்போது பாக்ஸுக்குள் ஓட அனுமதி உண்டா? உண்டென்றால் விங் உங்களுக்கு நல்லது. பந்து மறுபக்கம் இருக்கும்போது ஓரத்தைக் காக்கும் ஃபுல்பேக் உங்களைப் பார்க்கமாட்டார், பந்தைத்தான் பார்ப்பார். அவருடைய முதுகுப் பக்கமிருந்து ஃபார் போஸ்டுக்கு ஓடி வாருங்கள். ஃபுல்பேக்குகள் பெரும்பாலும் சென்டர் டிஃபென்டர்களைவிடக் குள்ளமாகவும் இருப்பார்கள்.