வாசகர் கேள்வி: குடியும் கொடியும்

கேள்வி: நாங்கள் கொழும்பு வெள்ளவத்தையில் அடுக்குமாடியில் இருக்கிறோம். எதிர்வீட்டாரின் பெயர்கூட என் கணவருக்குத் தெரியாது. ஆனால் மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் உள்ள ஊர்க் கோயிலில் அவருடைய குடிக்கு, அதாவது குலத்துக்கு, திருவிழா முறை வந்தால், என் நகையை ஈடு வைத்தாவது பணம் அனுப்புகிறார். இது பக்தியா, வீம்பா? (ஒரு வாசகி)

பதில்: இரண்டும்தான், தங்கச்சி. நம் பகுதிக் கோயில்கள் பலவற்றில் ஒவ்வோர் இரவுத் திருவிழாவும் ஒரு குடியின் பொறுப்பு. எண்ணெய், பூ, மேளம் எல்லாம் அவர்கள் தலையில். பூசை முடிந்ததும் குடியின் பெயரைச் சொல்லி அழைத்து, அதன் சார்பில் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரிடம் காளாஞ்சி கொடுப்பார்கள். வெற்றிலை, பாக்கு, பழம். கடையில் வாங்கினால் பெரிய காசில்லை. ஆனால் அழைக்கும் வரிசை மாறியதற்காக வழக்குப் பேசியவர்களை நான் அறிவேன். கோயில் உங்கள் கணவரிடம் ஆண்டுதோறும் கேட்கிறது. கேட்கிற இடத்தில்தான் மனிதன் ஒட்டிக்கொள்கிறான். எதிர்வீட்டார் அவரிடம் ஒரு சுண்டு அரிசிகூடக் கேட்டதில்லையே!

அக்கரைப்பற்று முஸ்லிம்களிடமும் குடி உண்டு. பள்ளிவாசலில் குடிக்கொரு மரைக்காயர், அதாவது நிர்வாகி, என்பது பழைய வழக்கம். குடி இல்லாத வேறு மாவட்டத்திலிருந்து வாழவந்த பெண்ணின் பிள்ளைகள் எந்தக் குடி என்று கேட்டால் மட்டும், நம் பெரியவர்கள் தொண்டையைச் செருமுவார்கள்.

ஒன்றைக் கவனித்தீர்களா? குடி இங்கே தாய்வழி. அவர் அனுப்பும் பணம் அவருடைய அம்மாவின் குடிக்கு. நாளைக்கு அங்கே உரிமையோடு நிற்கப்போவது அவருடைய சகோதரிகளின் பிள்ளைகள். உங்கள் பிள்ளைகள் உங்கள் குடி. உங்கள் குடிக்கு எந்த இரவு என்று அம்மாவிடம் கேட்டு, பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். அந்தச் செலவையும் அவரே பார்க்கட்டும்.

கேள்வி: பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் தன் இல்லம், அதாவது தன் அணி, தோற்றதற்கு, ஏழாம் தரத்தில் படிக்கும் என் மகன் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. அந்த இல்லத்தில் தன்னை யார் சேர்த்தார்கள் என்றே அவனுக்குத் தெரியாது! (ஒரு தந்தை, கல்முனை)

பதில்: பாடசாலையில் சேரும்போது கொடுக்கும் சேர்விலக்கம் சேர்த்திருக்கும். இங்கிலாந்தின் விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகள் உண்மையிலேயே அந்தந்த இல்லத்தில் தங்கினார்கள். நம்மிடம் வந்தபோது யாரும் குடியிருக்காத இல்லங்களாகிவிட்டன. முதல்நாள் மாலை இருட்டும்வரை நின்று, குருத்தோலை கிழித்து இல்லத்தை அலங்கரித்தானா என்று கேளுங்கள். ஆமென்றால் அழுகை நியாயம். காலையில் பசிக்கும், பிட்டும் மீன்குழம்பும் வையுங்கள்.