வாயேஜர் எவ்வளவு தொலைவில் இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

வாயேஜர் 1 விண்கலம் 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பதாகப் படித்தேன். 240 கோடி என்று அச்சாகியிருந்தாலும் அதே அளவுதான் வியந்திருப்பேன். இந்தத் தூரத்தை உணர வழி உண்டா? அது சூரியக் குடும்பத்தைத் தாண்டிவிட்டது என்பது உண்மையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கிலோமீட்டரை விட்டுவிடுங்கள். ஒரு கேள்வி போய்ப் பதில் வர எவ்வளவு நேரமாகும் என்று பாருங்கள். ரேடியோ அலை நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். நிலவுக்குப் போய்த் திரும்ப இரண்டரை நொடி போதும். செவ்வாய் மிகத் தொலைவில் இருக்கும்போது முக்கால் மணி நேரம் ஆகிவிடும். அதனால்தான் அங்கே தரையிறங்கும் கலத்தை இங்கிருந்து யாரும் இயக்க முடிவதில்லை.

2023 நவம்பரில் வாயேஜர் 1 பொருளற்ற தரவுகளை அனுப்பத் தொடங்கியது. அதன் கணினி நினைவகத்தில் ஒரு சில்லு பழுதாகியிருந்தது. நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தினர், அந்தச் சில்லில் இருந்த நிரலைத் துண்டுகளாக்கி நினைவகத்தின் வேறு இடங்களில் வைக்க முடிவு செய்தார்கள். 2024 ஏப்ரல் 18 அன்று ஆணை புறப்பட்டது. போய்ச் சேர இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர இன்னொரு இருபத்திரண்டரை மணி நேரம். பலித்ததா என்பது 20ஆம் தேதிதான் தெரிந்தது. 1977இல் கிளம்பிய கலம் சொன்னபடி கேட்டிருந்தது! அந்த இரண்டு நாள் காத்திருப்பை நினைத்தால் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. அந்தத் தூரம் எனக்கு உறைத்தது அப்போதுதான்.

தாண்டிவிட்டது என்பது பாதி உண்மை. சூரியக் காற்றின், அதாவது சூரியனிலிருந்து வீசும் மின்னேற்றத் துகள்களின், எல்லையை அது 2012 ஆகஸ்டில் கடந்தது. ஆனால் சூரியக் குடும்பத்தை வெகு தொலைவில் சூழ்ந்திருக்கும், சூரியனின் ஈர்ப்புக்கு உட்பட்ட பனிப்பொருள்களின் கூட்டமான ஊர்ட் மேகத்தின் உள்விளிம்பை எட்டவே இன்னும் ஏறத்தாழ 300 ஆண்டுகள் ஆகும். அதைக் கடக்க 30,000 ஆண்டுகள் ஆகலாம் என்று கணிக்கிறார்கள்.

கோள்களை நெருக்கி வரையும் பாடநூல் படங்கள்தான் நம்மைக் கெடுத்தன. பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள 15 கோடி கிலோமீட்டரை ஒரு சென்டிமீட்டராக வைத்து நீங்களே வரைந்து பாருங்கள். சூரியன் ஒரு முடியின் பருமன்தான் இருக்கும். பூமி கண்ணுக்கே தெரியாது. நெப்டியூன் 30 சென்டிமீட்டரில் வரும். வாயேஜர் 1 இரண்டு மீட்டரைக்கூட எட்டியிருக்காது. சூரியனுக்கு அடுத்துள்ள விண்மீனான பிராக்சிமா செண்டாரியைக் குறிக்க வேண்டுமானால், 2.7 கிலோமீட்டர் நடந்துபோய்ப் புள்ளி வைக்க வேண்டும்.