'கோ', 'வென்ட்': கேள்வி பதில்

கே: ஆங்கிலத்தில் போ என்று பொருள்படும் 'கோ'வின் இறந்தகாலம் ஏன் 'வென்ட்'? 'கோட்' என்று வந்திருக்க வேண்டாமா?

ப: 'வென்ட்' இரவல் சரக்கு. 'வெண்ட்' என்று தனி வினை ஒன்று உண்டு. திரும்பு, வழி பிடித்துப் போ என்று பொருள். செண்ட்–சென்ட், பெண்ட்–பென்ட் போல அதன் இறந்தகாலம் வென்ட். பழைய ஆங்கிலத்தில் 'கோ'வுக்கு 'ஏயொடெ' என்று வேறொரு இறந்தகாலம் இருந்தது. அது தேய்ந்து போக, 15ஆம் நூற்றாண்டு வாக்கில் வென்ட் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. பறிகொடுத்த வெண்ட், 'வெண்டெட்' என்று புதிதாக ஒன்றைச் செய்துகொண்டது. 'ஹேஸ் கான்' என்பதில் வரும் 'கான்' மட்டும் கோவின் சொந்தப் பிள்ளை.

கே: ஆங்கிலத்தில் 'இரு' என்ற பொருளில் வரும் 'பீ', 'ஆம்', 'வாஸ்' மூன்றும் இப்படித்தானா?

ப: ஆமாம், மூன்று வேர்கள். சமஸ்கிருதத்தின் பூ, அஸ்மி, வஸ் முறையே அவற்றின் உறவுகள்.

கே: தமிழ்ப் 'போ'தான் ஆங்கிலக் 'கோ' ஆனது என்கிறேன். மறுக்க முடியுமா?

ப: முடியும். ஒலி ஒத்திருந்தால் உறவு ஆகிவிடாது. லத்தீன் 'ஹபேரே', ஆங்கில 'ஹேவ்' இரண்டுக்கும் 'வைத்திரு' என்றே பொருள். ஒலியும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் உறவில்லை. ஆங்கிலத்தில் ஹ வரும் இடத்தில் லத்தீனில் க நிற்கும்: ஹார்ன்–கோர்னு, ஹண்ட்ரட்–கென்டும். அந்தக் கணக்கில் ஹேவின் உறவு 'கபேரே'. பிடி என்று பொருள். போவுக்கும் கோவுக்கும் இப்படி ஒரு வரிசையைக் காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

கே: மழை 'பெய்யப் போகிறது' என்கிறோம். அவர்களும் 'கோயிங் டு' என்கிறார்கள். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

ப: பிரெஞ்சிலும் 'போ' என்ற வினையை வைத்தே எதிர்காலம் சொல்கிறார்கள். எங்கோ போகிறவர் ஏதோ செய்யத்தான் போகிறார். போவது நோக்கமாகி, அப்புறம் எதிர்காலமாவது பல மொழிகளில் தனித்தனியாக நடந்திருக்கிறது. யாரும் யாரிடமும் வாங்கவில்லை.

கே: 'கில்' நம் 'கொல்'தானே?

ப: மேலே சொன்னதுதான்: ஒலி சான்றாகாது. தமிழிலிருந்து போனது வேண்டுமா? கட்டுமரம், சுருட்டு. இரண்டும் பெயர்ச்சொற்கள், கடல் வாணிபத்தோடு போனவை.

கே: நேர்முகத் தேர்வுக்கு ஆங்கிலம் பேசப் பழகுவது எப்படி?

ப: என் துறையில்லை. நல்ல ஆசிரியரைப் பாருங்கள்.

கே: ஐயா, கோவுக்கு ஏன் வென்ட்?

ப: முதல் பதில்.

கே: அப்போ 'கோட்' எங்குமே இல்லையா?

ப: இது நல்ல கேள்வி. ஸ்காட்லாந்துப் பேச்சில் 'கே' என்றால் போ; இறந்தகாலம் 'கேட்'. நீங்கள் எதிர்பார்த்தது அங்கே நடந்திருக்கிறது.